ஒரே பிலிமில் இரண்டு சின்னப்பா

மங்கலம் வழியாகத் திருப்பூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மண்டப வாசல்களில் பூப்பு நன்னீராட்டு விழா பேனர்களைப் பார்த்திருப்பார்கள். பட்டுப் பாவாடையில் ஒருத்தி நிற்பாள், கவுனில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், ஓரத்தில் ஒருத்தி மற்ற இருவரையும் பார்த்துச் சிரிப்பாள். மூவரும் ஒரே பெண். கம்ப்யூட்டர் இருக்கும் ஸ்டூடியோவுக்கு இது சின்ன வேலை. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத 1940-இல், அசையும் படத்திலேயே இதைச் சேலத்தில் செய்துகாட்டினார்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தமபுத்திரன்’தான் அந்தப் படம். பி. யு. சின்னப்பா இரட்டை இளவரசர்களாக நடித்தார். தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று இதைத்தான் சொல்வது வழக்கம். கதைக்கு மூலம் பிரெஞ்சு எழுத்தாளர் துய்மாவின் இரும்பு முகமூடி மனிதன். படத்தை எடுத்த டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டு நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். நம்ம ஆள் என்று திருப்பூர்க்காரர்கள் உரிமை கொண்டாட இது போதும்.

அக்கால இரட்டை வேட வித்தையும் பனியன் பிரிண்டிங் பட்டறையைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மூன்று கலர் டிசைன் என்றால் மூன்று ஸ்கிரீன் வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்தக் கலர் இறங்கவேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் அடைத்திருக்கும். சாயத்துக்குப் பதில் வெளிச்சம், துணிக்குப் பதில் பிலிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்துக் காட்சியின் ஒரு பாதியை மறைப்பார்கள். நடிகர் மறுபாதியில் நின்று அண்ணனாக நடித்து முடிப்பார். பிலிமில் அந்தப் பாதி மட்டும் வெளிச்சம் வாங்கியிருக்கும். மறைத்த பாதி புதுப் பிலிமாகவே கிடக்கும். லென்ஸை மூடி, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை இந்தப் பக்கம் மாற்றுவார்கள். அதற்குள் நடிகர் உடை மாற்றிக்கொண்டு தம்பியாக வந்து நிற்பார்.

விநாடிக்கு 24 கட்டங்கள். ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 கட்டங்கள், 90 அடி பிலிம். பின்னோக்கிச் சுற்றும்போது தொடங்கிய கட்டத்துக்கே சரியாக வந்து சேராவிட்டால், அண்ணன் கேள்வி கேட்பதற்குள் தம்பி பதில் சொல்லிவிடுவான்.

நடிப்பைவிடச் சிரமம், நடிகரைச் சுற்றியிருக்கும் எதுவும் அசையாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு தடவைக்கும் நடுவே கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பின்சுவர் நடுவில் உடையும். விளக்கின் பிரகாசம் மாறக் கூடாது, திரைச்சீலை ஆடக் கூடாது. வெளிப்புறத்தில் எடுத்தால் மேகம் வந்து காரியத்தைக் கெடுக்கும். பொருத்து விழும் கோட்டைத் தூணின் விளிம்பிலோ கதவு நிலையிலோ கொண்டுபோய் ஒளித்தார்கள். அட்டை லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் விளிம்பு மங்கலாகத்தான் பதியும். இரண்டு மங்கலும் சரியாகச் சேர்ந்தால் பொருத்தே தெரியாது. கொஞ்சம் மேலேறினால் நடுவில் வெள்ளைப் பட்டை விழும், இடைவெளி விட்டால் கறுப்புப் பட்டை. எது விழுந்தது என்பது பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். இரண்டாவது தடவையில் பிசகினால் முதல் தடவை நடித்ததும் வீண்.

நடிகருக்கு இருந்த பாடு வேறு. எதிரே ஆளில்லாத இடத்தைப் பார்த்து, வராத பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி பேசவேண்டும். பார்வை அரையடி தவறினால் தம்பியின் காதைப் பார்த்துக் கோபப்படும் அண்ணன்தான் திரையில் தெரிவான். நடுக்கோட்டைத் தாண்டிக் கை நீட்டவும் முடியாது. தொட வேண்டிய இடத்தில் டூப் போட்டு முதுகைக் காட்டிச் சமாளித்தார்கள்.

இந்த யோசனை சேலத்தில் பிறந்ததில்லை. பிரான்சின் ஜார்ஜ் மெலியே 1900-இல் ஏழு மெலியேக்கள் சேர்ந்து வாத்தியம் வாசிக்கும் படத்தை எடுத்துவிட்டார். அட்டைக்குப் பதிலாகக் கறுப்புப் பின்னணியை நம்பியவர் அவர். கறுப்பிலிருந்து வெளிச்சம் திரும்பாது. அந்த இடத்துப் பிலிம் அடுத்த மெலியேவுக்காகக் காலியாகவே இருக்கும். பிற்காலத்தில் ஒவ்வொரு வேடத்தையும் தனித்தனிப் பிலிமில் எடுத்து அச்சில் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் ஓட்டும் கேமரா வந்தபின், ஒரே அசைவை எத்தனை முறையும் அப்படியே திரும்பச் செய்ய முடிந்தது. இரட்டை வேடக் காட்சியில் கேமரா நகரக் கூடாது என்ற கட்டும் அறுந்தது.

இன்று செல்போனிலேயே முயலலாம். போனை டிரைபாடில் நிறுத்தி, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு, டைமர் வைத்து இடம் மாறி மாறி நின்று எடுங்கள். எடிட்டிங் ஆப்பில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் நிற்கும் இடத்தை மட்டும் விட்டு மற்றதை மறைத்தால் போதும். ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் விழாதபடி தள்ளி நில்லுங்கள். நிழலை வெட்டி ஒட்டுவது ஆளை ஒட்டுவதைவிடத் தொல்லை.

இதே படங்களை வைத்து நேர்மாறான வித்தையும் உண்டு. ஏழெட்டுப் படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் அத்தனை படங்களின் நடு மதிப்பை மட்டும் எடுக்கச் சொன்னால், இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆள் மறைந்து பின்னணி மட்டும் மிஞ்சும். கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தால் போதிய படங்கள் எடுத்து ஒரு பஸ் ஸ்டாண்டைக்கூடக் காலியாகக் காட்டிவிடலாம். பெஞ்சில் அசையாமல் தூங்குகிறவரை மட்டும் இந்தக் கணக்கு ஒன்றும் செய்யாது.