கரண்ட் போகாத அரை மணி நேரம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து, சாத்தனூர் அணை திறக்கப்பட்டு தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணியிலும் வெள்ளம். அதற்கு முன், 2022 செப்டம்பர் 28 அன்று தனியார்மயத்தை எதிர்த்து மின் துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோதும் புதுச்சேரியின் பல பகுதிகள் இருட்டில் கிடந்தன. புயலும் போராட்டமும் இல்லாத நாட்களிலும், பராமரிப்புப் பணிக்கான மின்தடை அறிவிப்பு நாளிதழ்களில் வரத்தான் செய்கிறது.

இந்த ஊர்களில் லேப்டாப்பின் பயாஸை அப்டேட் செய்ய நினைப்பவர், எல்லாவற்றுக்கும் முன்னால் கரண்டைத்தான் யோசிக்க வேண்டும்.

பயாஸ் என்பது பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடும் நிரல். ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே விண்டோஸை எழுப்பும். மதர்போர்டில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிப்பில் அது குடியிருக்கிறது. அப்டேட்டின்போது இந்தச் சிப்பில் இருப்பதைப் பகுதி பகுதியாக அழித்து, புதியதை எழுதுகிறார்கள். பாதியில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். விண்டோஸை மறுபடி ஏற்றலாம் என்றால் அதுவும் முடியாது. பென்டிரைவைப் படிக்கச் சொல்லும் நிரலே அழிந்துபோயிருக்கும்.

நல்ல பேட்டரி இருந்தால் கரண்ட் போனாலும் பயமில்லை. சிக்கல் பழைய லேப்டாப்களில்தான். அரசு இலவசமாகக் கொடுத்ததோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியதோ, பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓடும் லேப்டாப்கள் கிராமத்து வீடுகளில் நிறைய. அவற்றில் பயாஸ் அப்டேட்டே வேண்டாம். செய்தே ஆக வேண்டுமென்றால் புது பேட்டரி போட்ட பிறகு, அல்லது யுபிஎஸ் உள்ள இடத்தில் செய்யலாம்.

அப்டேட் தேவைப்படும் நேரங்களும் உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளியானபோது, அவற்றை அடைக்க உதவும் திருத்தங்கள் பயாஸ் வழியாகவும் வந்தன. லேப்டாப் எழும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓட விடும் செக்யூர் பூட் வசதிக்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு 2026 ஜூனிலிருந்து கெடு முடிகிறது. புதிய சான்றிதழ் விண்டோஸ் அப்டேட்டிலேயே வரும் என்றாலும், சில மாடல்களுக்கு பயாஸ் அப்டேட்டும் தேவைப்படும். இப்படிக் காரணம் இருந்தால் செய்யலாம். புதுசு வந்திருக்கிறதே என்பதற்காக மட்டும் கை வைக்கக் கூடாது.

அவசரமும் ஆகாது. 2024 மே மாதம் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த பயாஸால் எச்பி புரோபுக் 455 ஜி7 லேப்டாப்கள் சில எழுந்திருக்கவே இல்லை. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 என்ற இயங்குதளம் சில லெனோவோ லேப்டாப்களின் பயாஸைக் கெடுத்ததால், அதன் பதிவிறக்கத்தையே நிறுத்தி வைத்தார்கள். பாதுகாப்பு அவசரம் இல்லாதபோது இரண்டு வாரம் பொறுத்தால், வந்த பதிப்பில் குறை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

செய்வதென்று முடிவானால், லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மதர்போர்டாக இருக்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால், இப்போதைய பயாஸ் பதிப்பும் தேதியும் தெரியும். ஃபைலைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைப்பது நல்லது. முக்கியமான ஃபைல்களுக்கு நகல், முழு சார்ஜ், செருகிய சார்ஜர், மின்தடை அறிவிப்பு இல்லாத வானம் தெளிந்த நாள். இவ்வளவும் அமைந்தால் தொடங்கலாம்.

நடுவில் திரை இருளும், ஃபேன் இரையும், லேப்டாப் தானே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். பலர் பதறிப்போய் பவர் பட்டனை அழுத்துவது அப்போதுதான். அரை மணி நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

கெட்டுப்போனாலும் வழி இருக்கிறது. பல எச்பி லேப்டாப்களில் விண்டோஸ் கீயையும் பி-யையும் பிடித்தபடி பவர் கொடுத்தால் மீட்பு தொடங்கும். பல டெல் லேப்டாப்களில் கன்ட்ரோல், எஸ்கேப் கீகளைப் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் சர்வீஸ் கடைதான். அங்கே சிப்பின் எட்டுக் கால்களிலும் கிளிப்பை மாட்டி, சிஎச்341ஏ என்ற சிறு புரோகிராமர் கருவியால் நேரடியாக எழுதுவார்கள். பல லேப்டாப்களில் சீரியல் எண்ணும் விண்டோஸ் லைசென்ஸ் கீயும் இதே சிப்பில்தான் இருக்கின்றன. வேறொரு லேப்டாப்பின் ஃபைலை அப்படியே ஏற்றினால் அவை போய்விடும். ஆகவே கடையில் கொடுக்கும்போதே, சிப்பில் இருப்பதை முதலில் படித்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதன் பிறகே எழுதச் சொல்ல வேண்டும்.