ஓய்ந்த வண்டியும் ஓடும் வண்டியும்

ரேணிகுண்டா போன்ற ஊர்களில் குடியேறிய தமிழன்பர் சிலரது இல்லங்களில், தாயகத்திலிருந்து கொணர்ந்த அம்பாஸடர் மோட்டார் வண்டி ஓட்டம் நின்று துருப்பிடித்துக் கிடக்கக்கூடும். அதனைப் பயனற்ற இரும்பெனத் தள்ளிவிட வேண்டாம். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே, ஓடும் அம்பாஸடர் பலவற்றுக்கு ஓய்ந்த அம்பாஸடரே உறுப்பு வழங்க வேண்டியுள்ளது. சென்னைப் புதுப்பேட்டைக் கடைகள் இத்தகைய பழைய உறுப்பு வாணிபத்திற்கே பெயர் பெற்றவை.

கருவியைக் கையிலெடுக்குமுன் கடமையொன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, நிரந்தரமாகப் பயனிழந்த வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், தாம் வசிக்குமிடத்துப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழை அனுப்புதல் வேண்டும். வண்டி தமிழ்நாட்டில் பதிவானதாயின், அவரே அதனை மூல அலுவலகத்துக்கு அனுப்புவார்.

பிரிக்கும்போது முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. தவறினால் திருகுசாவி தகட்டில் பட்டுத் தீப்பொறி எழலாம். பெட்ரோலையும் எண்ணெயையும் தனித்தனிக் கலங்களில் வடித்திடுக. மண்ணில் கொட்டினால் கிணற்று நீர் கெடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையலாகாது.

கியர்ப்பெட்டி, ஸ்டார்ட்டர் மோட்டார், ரேடியேட்டர், கதவு ஆகியவை சோதித்தபின் மீண்டும் பயன்படும். தேய்ந்த பிரேக் பட்டையும் வெடித்த ரப்பர்க் குழாயும் உதவா. அவற்றில் மிச்சப்படுத்தும் சில ரூபாய்க்கு ஓருயிர் ஈடாகாது.