கண்ணாடியையே உடைக்கும் இறால்... வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

மயில் நிறத்தில் ஓர் இறால், 'டொக்'னு ஒரே குத்து. நத்தை ஓடு தூள் தூள்! இந்த ரீல்ஸைப் பார்த்துட்டு 'நம்ம வீட்லயும் ஒண்ணு வளர்த்தா என்ன?' என்று யோசிக்கிறீர்களா? நீங்கள் இருப்பது மங்களூர் என்றால் (கர்நாடகா இல்லைங்க, நம்ம விருத்தாசலம் பக்கத்து மங்களூர்), கடல் கொஞ்சம் தூரம்தான். அதனால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

இறால்... ஆனா இறால் இல்லை!

மான்டிஸ் என்றால் கும்பிடுபூச்சி. அதைப்போலவே முன்னங்கால்களை மடக்கி வைத்திருப்பதால் இந்தப் பெயர். உண்மையில் இது இறால் இனமே இல்லை, தூரத்துச் சொந்தம். இதில் குத்துபவை, ஈட்டிபோல் குத்திப் பிடிப்பவை என இரண்டு வகை உண்டு. ரீல்ஸில் வரும் மயில் மான்டிஸ், குத்தும் ரகம். அதன் குத்து மணிக்குச் சுமார் 80 கி.மீ வேகத்தில் பாயும். அந்த வேகத்தில் நீரில் குமிழிகள் உருவாகி வெடிக்க, இரைக்கு இரண்டாவது அடியும் விழும்.

கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம் இறால் வலையில் சிக்கும் ஸ்குவில்லா, ஈட்டி ரகம். சேற்றில் வளை தோண்டி வாழும். நம்மூரில் பெரும்பாலும் கழிவு மீனோடு சேர்ந்து தீவனத்துக்குப் போய்விடும். ஜப்பானில் இதன் உறவுக்கார இனத்தை சுஷியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்!

தொட்டி எப்படி இருக்கணும்?

1998-ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் அக்வேரியத்தில் 'டைசன்' என்ற மான்டிஸ், கால் அங்குலக் கண்ணாடியையே உடைத்தது. அதனால் குத்தும் ரகத்துக்கு, தடிமனான அக்ரிலிக் தொட்டியே பாதுகாப்பு. மேலே மூடியும் அவசியம்.

போர் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்தால் வேலைக்கு ஆகாது. ஆர்.ஓ தண்ணீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் அக்வேரியக் கடல் உப்பு கலக்க வேண்டும். கழிவை மட்டுப்படுத்தும் பாக்டீரியா வளர, தொட்டியை நான்கிலிருந்து ஆறு வாரம் ஓடவிட்ட பிறகே உயிரினத்தை விட வேண்டும்.

பாதி நாள் வளைக்குள் கிடப்பதுதான் அதன் இயல்பு. உடல் நுழையும் அளவுக்கு பி.வி.சி குழாய் வைத்து, வெளிச்சத்தைக் குறைவாக வையுங்கள். அழகுக்காக விருத்தாசலம் பீங்கான் பொம்மையை உள்ளே போடாதீர்கள். பெயின்ட் கரைந்தால் ஆபத்து. பவளப்பாறைத் துண்டும் வேண்டாம். பவளங்கள் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

துணைக்கு மீன் விடலாமா?

விட்டால், அது துணை இல்லை... டிபன்! நத்தை, நண்டு, சிப்பிதான் இதன் சாப்பாடு. சில நாள் சாப்பிடாமல் வளை வாயை அடைத்துக்கொண்டால் பதற வேண்டாம், ஓடு உரிக்கும் நேரமாக இருக்கலாம். புது ஓடு இறுகும்வரை அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். தொட்டிக்குள் வெறும் கையை விடவே கூடாது. நீச்சல் வீரர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயரே 'கட்டைவிரல் பிளப்பான்'!

அப்போ, வளர்க்கலாமா?

முதல் தொட்டியாக வேண்டவே வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தாலும், அடிக்கடி கரன்ட் போகும் ஊர் என்றாலும் இரண்டு முறை யோசியுங்கள். பம்ப் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். கடல் மீன் தொட்டியை ஓராண்டாவது ஒழுங்காகப் பராமரித்த பிறகு, பல வருஷம் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். வளர்க்க முடியலைன்னு ஏரியிலோ ஆற்றிலோ விட்டால், நன்னீரில் அது செத்துவிடும்.

அதுவரை, ஒருநாள் காலையில் கடலூர் துறைமுகத்துக்குப் போய் வலை பிரிக்கும் இடத்தில் நின்று பாருங்கள். கும்பிட்டபடி ஒரு ஸ்குவில்லா கண்ணில் படலாம். ஆனா, கையை மட்டும் நீட்டிடாதீங்க!