படத்திற்கும் பெயர் வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ளது காங்கேசன்துறை. 1893ஆம் ஆண்டில் அங்கு வெளிச்சவீடு எழுந்தது. 1902இல் அங்கிருந்து சாவகச்சேரி வரை புகையிரதம் ஓடியது. 1905இல் அப்பாதை கொழும்புடன் இணைந்தது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. 1990இல் யுத்தம் காரணமாக மக்கள் இடம்பெயர்ந்தனர்; புகையிரதமும் நின்றது. அது மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது 2015இலேதான்.

வீட்டையும் வளவையும் விட்டுச் சென்றோரிற் சிலர் புகைப்படங்களை எடுத்துச் சென்றனர். அவற்றுட் பல இன்று இணையத்தளங்களில் ஏற்றப்பட்டுள்ளன. எனினும், பிறநாட்டிற் பிறந்த பேரப்பிள்ளை ஒருவர் பாட்டனாரின் ஊரைக் காண விரும்பித் தேடினால் அவை எளிதில் அகப்படுவதில்லை. ஏன்?

கூகிள் நிறுவனம் படங்களைத் தேடித் தரும் வசதியை 2001இல் அளித்தது. இத்தகைய தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களையே துணைக்கொள்கின்றன. ஒரு படத்தில் வெளிச்சவீடு இருப்பதை இன்றைய இயந்திரம் ஓரளவு கண்டுகொள்ளும். ஆனால் உலகக் கரைகளில் எத்தனையோ வெளிச்சவீடுகள்! இது எந்தக் கரையினது என்பதை மனிதரே எழுதி வைத்தல் வேண்டும்.

படக்கருவி ஒவ்வொரு படத்திற்கும் வெறும் எண்ணொன்றையே பெயராக இடுகிறது. அதை நீக்கி, 'காங்கேசன்துறை-வெளிச்சவீடு' என்பது போன்று பெயரிடலாம். அடுத்தது மாற்று வாசகம். பார்வையற்றோருக்குக் கணினி வாசித்துக் காட்டுவதற்கென ஏற்பட்ட இக்குறிப்பைத் தேடுபொறியும் வாசிக்கிறது. 'காங்கேசன்துறைப் புகையிரத நிலைய மேடையிற் காத்திருக்கும் பயணிகள், 1968' என்றால் இருவருக்கும் பயன். ஊர்ப்பெயரையே பத்து முறை அடுக்குவது குருடருக்குத் தொல்லை. தேடுபொறியும் அதனை மதிப்பதில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து செல்லும் காங்கேசன்துறை வீதியின் படங்களும் இதே பெயரில் வருவதால், துறைமுகமா, நிலையமா, வீதியா என்று தெளிவாகக் குறித்தல் நன்று.

ஈழத்துத் தளங்களில் நேர்ந்த சங்கடம் வேறொன்று. முன்னர் பாமினி என்னும் எழுத்துரு இங்கு பெரிதும் வழங்கியது. அதில் எழுதியது கண்ணுக்குத் தமிழ். இயந்திரத்திற்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். இவ்வாறு அழகிய குறிப்புகளோடு வெளிவந்த படங்களும் தமிழிலே தேடுவோர்க்கு மறைந்தே கிடக்கின்றன. அக்குறிப்புகளை யுனிகோட் முறைக்கு மாற்றினாற் போதும். 'காங்கேசந்துறை' என எழுதுவோரும், 'கே.கே.எஸ்.' என்று மட்டும் அறிந்தோரும் உளர். ஆதலால் பக்கத்தின் விவரணத்தில் அப்பெயர்களையும், தமிழ் வாசிக்க அறியாத பிள்ளைகளுக்காக ஆங்கில வடிவத்தையும், ஒருமுறை சேர்ப்பது தவறாகாது.

படத்தின் அளவும் கவனத்திற்குரியது. கைத்தொலைபேசியில் எடுத்த படம் நான்கைந்து மெகாபைற் இருக்கலாம். அகலத்தைக் குறைத்துச் சுருக்கினால் சில நூறு கிலோபைற்றுக்குள் அடங்கும். பக்கம் விரைந்து திறக்கும். தேடுபொறி அவ்விரைவையும் கணிக்கிறது. ஆனால் மூலப்படத்தைச் சுருக்காமற் பத்திரப்படுத்துவது அவசியம். இழந்த நுணுக்கம் திரும்பி வராது.

பழைய படங்களின் பின்புறத்தில் பென்சிலால் ஏதேனும் எழுதியிருப்பதுண்டு. அதனையும் பிரதி செய்து, எழுத்தாகத் தட்டச்சிட்டுச் சேர்த்தல் வேண்டும். ஒன்றுமே எழுதப்படாவிடில், படத்தில் நிற்பவர் யார், பின்னாலுள்ள கட்டடம் எது என்று வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டுக் குறித்த பின்னரே ஏற்றுவது நலம்.