மழைக்கால்வாயில் ஓடுவது மழை அல்ல

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்குவதை நாடே பார்த்தது. 2018 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தபோது அணைக்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. காரணத்தைத் தேடினால் 'ராஜகால்வாய்'களில் போய் நிற்கிறோம்.

ஏரிக்கு ஏரி மழைநீரைக் கொண்டுசெல்லும் பழைய கால்வாய்கள் இவை. நகரம் வீங்கியது, சாக்கடைக் குழாய்கள் அந்த வேகத்துக்கு நீளவில்லை. குளியலறை, கழிவறை, சலவை நீரெல்லாம் கால்வாயில் இறங்கியது. சோப்புத்தூள் கலந்த நீர் மதகில் விழுந்து சிதறும்போது நுரைக்கிறது.

இப்போது மழையும் மாறுகிறது. வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். மழையில்லாத நாட்களில் சாலையில் படிந்த எண்ணெய், டயர் துகள், குப்பை அனைத்தையும் முதல் மழை வழித்துச் செல்கிறது. ஏரியின் அடியில் கிடக்கும் சகதியும் கலங்குகிறது.

விஷயம் பெங்களூரோடு முடிவதில்லை. பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் அங்கேயும் நுரை. அந்த நீரில்தான் பாசனம்.

கால்வாயை அகலப்படுத்தினால் வெள்ளம் வடியும். சாக்கடையைப் பிரிக்காவிட்டால், அழுக்குதான் இன்னும் வேகமாக வந்து சேரும்.