புள்ளி பறித்தலும் இரசிகர் சினமும்

உதைபந்தாட்டத்தில் வென்ற அணிக்கு மூன்று புள்ளி, சமநிலை எய்திய அணிக்கு ஒரு புள்ளி, தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை என்பது சிறுவரும் அறிந்த கணக்கு. இக் கணக்கினுள்ளே, ஆடுகளத்திற் கால்வையாத மூவர் ஓரறையிலிருந்து வரவுசெலவு ஏடுகளைப் புரட்டி, ஓர் அணி வியர்வை சிந்தி ஈட்டிய புள்ளிகளுட் பத்தினைக் கழித்துவிட்டால் யாது நிகழும்? 2023ஆம் ஆண்டு நவெம்பர் 17ஆந் தேதி இங்கிலாந்தின் எவேட்டன் கழகத்திற்கு இதுவே நிகழ்ந்தது. அன்று காலை பதினான்கு புள்ளிகளுடன் பதினான்காம் இடத்திலிருந்த அணி, மாலையில் நான்கு புள்ளிகளுடன் பத்தொன்பதாம் இடத்திற் கிடந்தது. பந்து ஒன்றேனும் உதைக்கப்படவில்லை.

அப்பொழுது நடைமுறையிலிருந்த விதியை முதற்கண் அறிந்துகொள்ளல் வேண்டும். பிரிமியர் லீக்கிற் சேர்ந்த கழகமொன்று மூன்று ஆண்டுக் காலத்தில் 10 கோடியே 50 இலட்சம் பவுணுக்கு மேல் நட்டமடைதல் ஆகாது. அதிலும் 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பகுதியை உரிமையாளர் தம் முதலீட்டால் ஈடுசெய்தல் வேண்டும். இளைஞர் பயிற்சி, மகளிர் அணி, அரங்கு அமைத்தல், சமூகப்பணி முதலியவற்றிற்கான செலவுகள் கணக்கினின்று விலக்கப்படும். செல்வந்தர் ஒருவர் ஒரு கழகத்தை வாங்கி, வருவாய்க்கு மிஞ்சி வாரியிறைத்து, பின்னர் சலித்துக் கைவிட்டுச் செல்லுங்கால், எஞ்சுவது கடன் மாத்திரமே. 2019ஆம் ஆண்டில் நூற்றாண்டு கடந்த பெரி கழகம் பண முடையால் லீக்கினின்றே விலக்கப்பட்டமை பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய அழிவைத் தடுத்தல் விதியின் ஒரு நோக்கம். கடன்பட்டு வீரரை வாங்குபவர், வரவுக்குள் வாழும் அயற்கழகத்தை வஞ்சியாதிருக்கச் செய்தல் மற்றொரு நோக்கம்.

எவேட்டனின் நட்டம் 2022ஆம் ஆண்டுடன் முடிந்த காலப்பகுதியில் 12 கோடியே 45 இலட்சம் பவுண் எனக் கணிக்கப்பட்டது. வரம்பை மீறிய தொகை 1 கோடியே 95 இலட்சம். புதிய அரங்கினைக் கட்டுதற்குப் பெற்ற கடனின் வட்டியை விலக்குதல் வேண்டும் எனவும், கொள்ளைநோயும் உக்கிரேனியப் போரும் வருவாயைக் குலைத்தன எனவும் கழகம் வாதிட்டது. சுயாதீன ஆணைக்குழு அவ்வாதங்களை ஏற்றிலது. செல்வரான உரிமையாளரையுடைய கழகத்திற்குத் தண்டப்பணம் விதித்தல் போதிய தண்டமாகாது எனக் கருதி, புள்ளிகளிற் கைவைத்தது.

இரசிகரின் சினம் ஒன்பது நாளின் பின் வெளிப்பட்டது. நவெம்பர் 26ஆந் தேதி குடிசன் பார்க் அரங்கில் மஞ்செஸ்ரர் யுனைற்றெட் அணி ஆட வந்தபொழுது, லீக்கின் சின்னத்தையும் ஊழல் எனும் பொருள்தரும் சொல்லையும் பொறித்த இளஞ்சிவப்பு அட்டைகள் ஆயிரக்கணக்கில் உயர்த்தப்பட்டன. லீக்கின் இசை ஒலித்தபொழுது அரங்கு முழுவதும் எழுந்த கூச்சலில் அது அமிழ்ந்தது. முன்னைநாள், மஞ்செஸ்ரர் சிற்றியின் அரங்கிற்கு மேலே, அதே குற்றச்சாட்டைத் தாங்கிய பதாகையை இழுத்துக்கொண்டு விமானமொன்று பறந்தது. அதற்குரிய செலவு இரசிகர் தம்முள்ளே திரட்டிய பணம். அப்பொழுது மஞ்செஸ்ரர்ப் பெரும்பகுதியின் மேயராயிருந்த அன்டி பேர்னாம், தாமும் எவேட்டன் இரசிகராதலின், லீக்குக்குக் கடிதமெழுதிக் கண்டித்தார். லிவர்பூல் நகரப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் சபையிற் பிரேரணையொன்றைச் சமர்ப்பித்தார்.

இதனைக் கண்ணுற்ற பிற கழகத்தார் பலர், தம் கழகம் குற்றஞ் செய்யவில்லை என்று நம்பும் குருட்டுப் பற்று என இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. எவேட்டன் இரசிகர் தம் நிருவாகிகளைக் குறைகூறத் தொடங்கியது புள்ளி பறிக்கப்பட்ட பின்னரன்று. 2023 சனவரியிலேயே நிருவாக சபையை விலகுமாறு கோரி ஆட்டம் முடிந்தும் இருக்கைகளை விட்டு எழாமல் அமர்ந்திருந்தவர்கள் அவர்கள். பெருந்தொகை கொடுத்து வாங்கிய வீரர் பலர் பயனற்றுப்போனதை ஆண்டுதோறும் கண்டு நொந்தவர்களும் அவர்களே. 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் பருவத்தின் இறுதி நாள்கள்வரை தரமிறக்கத்தின் விளிம்பில் நின்று உயிர்பிழைத்த அணி அது. ஆகவே, பணம் வீணே செலவிடப்பட்டது என்பதை எவரும் அவர்களுக்குப் போதிக்கவேண்டியதில்லை. அவர்களது வினா வேறு: செலவிட்டவர் யார், அதற்கு ஈடு செலுத்துபவர் யார்?

ஈண்டு மனுநீதி கண்ட சோழன் கதை நினைவுக்கு வருதல் இயல்பே. கன்றின்மேல் தேர் செலுத்தியவன் எவனோ அவனே தேர்க்காலில் இடப்பட்டான். அவன் தன் மகன் என்பதும் கருதப்படவில்லை. உதைபந்தாட்டத் தண்டத்திலோ தேர் செலுத்தியவர் மாளிகையில் இருக்க, தேரின்பின் நடந்து வந்த ஊரவர் சக்கரத்தினடியில் அகப்படுகின்றனர். ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்துச் செல்லல் தகாது. கழகம் என்பது ஒரு சட்டபூர்வமான ஆள். அது பெற்ற பயன் ஆடுகளத்திற் பெற்ற பயன். வரம்பை மீறி வாங்கப்பட்ட வீரன் கோல் அடித்தபொழுது ஆரவாரித்தவரும் அதே இரசிகர்தாம். களத்திற் பெற்ற முறையற்ற பயனைக் களத்திலேயே திருப்பிக் கொடுக்கச் செய்தல் தருக்கத்துக்கு முரணானதன்று.

வன்மை மிக்க முறைப்பாடுகள் வேறு இரண்டு. ஒன்று, தண்டத்தின் அளவைப் பற்றியது. செய்யத் தகாதது இது என விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது. செய்தால் இத்தனை புள்ளி என எழுதப்பட்டிருக்கவில்லை. பிரிமியர் லீக்கின் விதிப்படி, கடன் தீர்க்கவியலாது நிருவாகியின் பொறுப்பிற் செல்லும் கழகத்துக்கே ஒன்பது புள்ளிதான் குறைக்கப்படும். 2010ஆம் ஆண்டிற் போட்ஸ்மத் கழகம் அவ்வாறு ஒன்பது புள்ளிகளை இழந்தது. முறிந்து வீழ்ந்தவனுக்கு ஒன்பதும், வரம்பு கடந்து செலவிட்டவனுக்குப் பத்தும் என்றால் அவ்வளவுகோல் எங்ஙனம் பெறப்பட்டது? இவ்வினா வெறும் அரங்கக் கூச்சலன்று என்பதை மேன்முறையீட்டுச் சபையே காட்டிற்று. 2024 பெப்புருவரி 26ஆந் தேதி அச்சபை, ஏனைய அளவுகோல்களை ஆணைக்குழு கருத்திற்கொள்ளத் தவறியமையையும், கழகம் நேர்மையுடன் நடந்திலது என அது கொண்ட முடிபின் பிழையையும் சுட்டிப் பத்தினை ஆறாக்கியது.

மற்றொன்று, சமநீதியைப் பற்றியது. மஞ்செஸ்ரர் சிற்றி கழகத்தின்மீது 2023 பெப்புருவரியிலேயே நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டிருந்தன. அக்கழகம் அவற்றை மறுத்தது. விசாரணை தொடங்கியதோ 2024 செத்தெம்பரில். ஒரே குற்றச்சாட்டுக்கு ஆளான எவேட்டன் எட்டுமாதத்தில் தண்டம் பெற, அவ்வழக்கு ஆண்டு கடந்தும் தொடங்காதிருந்தது. ஒரு கணக்கைப் பார்ப்பதற்கும் பல ஆண்டுக் கணக்குகளைக் கிளறுவதற்கும் வேண்டிய காலம் வேறுவேறாதல் உண்மையே. எனினும், எளியவன் விரைவிற் பிடிபடுவான், வலியவன் வழக்கறிஞரை நிரைநிறுத்திக் காலங்கடத்துவான் என்னும் ஐயம் அரங்கிலிருப்போர் உள்ளத்தில் எழுமாயின், அதனை அறிவின்மை எனத் தள்ளிவிட இயலாது.

இனி எதிர்ப்புறத்தாரையும் நோக்குதல் முறை. 2022ஆம் ஆண்டில் எவேட்டன் 39 புள்ளிகளுடன் தப்பியது; பேர்ன்லி 35 புள்ளிகளுடன் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. வரம்புக்குள் நின்ற கழகம் வீழ, வரம்பு மீறிய கழகம் பிழைத்தது. பேர்ன்லி இரசிகர் ஒருவரிடம் சென்று எவேட்டனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றிப் பேசினால் அவர் எங்ஙனம் செவிகொடுப்பார்? உடனடியாக விதிக்கப்படாத தண்டத்தின் பயன் அவருக்கு எட்டவில்லை. ஒருவருக்குக் கொடுமையாகத் தோன்றிய அதே தீர்ப்பு மற்றொருவருக்குக் காலங்கடந்து வந்த அரைநீதி.

நொட்டிங்காம் பொரெஸ்ட் கழகத்தின் செய்தி சிறிது வேடிக்கையானது. ஈராண்டு கீழ்ப்பிரிவில் இருந்தமையால் அதன் வரம்பு 6 கோடியே 10 இலட்சம் பவுண் மாத்திரமே. அது 3 கோடியே 45 இலட்சத்தால் மீறியது. கணக்காண்டு யூன் 30ஆந் தேதி முடியும். அதற்குமுன் பிரெனன் ஜோன்சன் என்னும் வீரரை விற்றிருந்தால் மீறிய தொகை பெரிதும் குறைந்திருக்கும். அவரை 2023 செத்தெம்பர் முதலாந் தேதி 4 கோடியே 75 இலட்சம் பவுணுக்கு விற்றது கழகம். சற்றுப் பொறுத்து நல்விலைக்கு விற்பதன்றோ சிக்கனம் என வாதிட்டது. சந்தை நியாயப்படி அது சரியே. கணக்காண்டு சந்தையைப் பார்த்து நகர்வதில்லை. ஆறு புள்ளி எனக் கொண்டு, ஒத்துழைத்தமைக்காக இரண்டைக் குறைத்து, 2024 மார்ச்சு 18ஆந் தேதி நான்கு புள்ளிகளைக் கழித்தனர். ஏப்பிரில் 8ஆந் தேதி எவேட்டனுக்கு, அடுத்த கணக்காண்டின் மீறலுக்காக, மேலும் இரண்டு குறைந்தன.

ஒரே பருவத்தில் அட்டவணை நான்குமுறை திருத்தப்பட்டதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். லூட்டன் இரசிகர் தம் அணி தரமிறங்கும் வலயத்துக்கு மேலே நிற்கின்றதா, கீழே நிற்கின்றதா என்பதை அறிய ஆட்டத்தைக் காண்பதோடு தீர்ப்புரைகளையும் வாசிக்கவேண்டியிருந்தது. முடிவில் எவேட்டன் 40 புள்ளிகளும் பொரெஸ்ட் 32 புள்ளிகளும் பெற்றுத் தப்பின. லூட்டன் 26 புள்ளிகளுடன் இறங்கியது. எவேட்டன் வீரரோ தண்டத்தின்பின் திசெம்பரில் லீக் ஆட்டங்கள் நான்கைத் தொடர்ந்து வென்றனர். புறத்தே பகைவன் உண்டு என்னும் எண்ணம் அகத்தே ஒற்றுமையை வளர்க்கும் என்பது அரசியலார் நன்கறிந்த உண்மை.

லூட்டன் என்ற பெயர் வருகையில் பழைய வரலாறு ஒன்றைக் கூறாது செல்ல மனம் ஒப்பவில்லை. 2008ஆம் ஆண்டில் அக்கழகத்துக்கு முப்பது புள்ளிகள் கழிக்கப்பட்டன: முன்னைய நிருவாகிகளின் முறையற்ற கொடுப்பனவுகளுக்காகப் பத்து, கடன் தீர்வுமுறையில் நேர்ந்த குறைபாட்டுக்காக இருபது. தவறிழைத்தவர் போய்விட்டனர், புதிதாய்ப் பொறுப்பேற்றவர் தலையில் அது விழுந்தது. அணி களத்தில் 56 புள்ளி ஈட்டியும் ஏட்டில் 26 புள்ளியே எஞ்சி, லீக்கினின்றே வெளியேறியது. அதே பருவத்தில் வெம்பிளி அரங்கில் ஒரு கிண்ணத்தையும் அவ்வணி வென்றது. அன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட லூட்டன் மக்கள் திரண்டிருந்தனர். லீக்கின் தலைவர் களத்தில் தோன்றியபொழுது அவர்கள் எழுப்பிய இரைச்சல் கிண்ணத்தைப் பெற்றபொழுது எழுந்த ஆரவாரத்துக்குக் குறைந்ததன்று. அதற்கு முந்திய பருவத்தில் மூன்றாம் படியில் ஆடிய லீட்ஸ் யுனைற்றெட் பதினைந்து புள்ளி குறைந்த நிலையிற் தொடங்கி, முதல் ஏழு ஆட்டங்களையும் வென்றது. இறுதியில் 91 புள்ளி ஈட்டியும் 76 எனவே கணிக்கப்பட்டு ஐந்தாமிடம் பெற்றது. 82 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்று மேலேறியது நொட்டிங்காம் பொரெஸ்ட். அன்று அக்கழகத்தார் எவரும் புள்ளி பறித்தலைக் கண்டித்ததாக நாம் அறியோம்.

பணத்தோடு தொடர்பில்லாத தண்டமும் இதே காயத்தையே உண்டாக்கும். 1996 திசெம்பரில் வீரர் பலர் நோயுற்றமையாற் பிளாக்பேர்னுக்கு ஆடச் செல்லாத மிடில்ஸ்புரோ மூன்று புள்ளிகளை இழந்தது. பருவமுடிவில் இரண்டு புள்ளி வேறுபாட்டாற் தரமிறங்கியது.

2025 நவெம்பரிற் பிரிமியர் லீக் கழகங்கள், நட்டத்தை அளக்கும் பழைய விதிக்குப் பதிலாக, அணிக்கான செலவை வருவாயின் விழுக்காடாக அளக்கும் புதுவிதியை 2026ஆம் ஆண்டுப் பருவம் முதற் கைக்கொள்ள வாக்களித்தன. அளவுகோல் மாறினும் புள்ளி பறித்தல் என்னும் கருவி ஒழியவில்லை.

இரசிகர் என்றும் தண்டத்தையே வெறுப்பர் எனக் கொள்ளின், ஷெபீல்ட் வென்ஸ்டே கழகத்தில் நிகழ்ந்தது விளங்காது. அங்கு 2025ஆம் ஆண்டில் வீரரின் சம்பளம் மாதக்கணக்கிற் பிந்தியது. உரிமையாளரை விலகுமாறு கோரிய இரசிகர், ஒக்ரோபர் 22ஆந் தேதி நடந்த ஆட்டத்தைப் புறக்கணித்தனர். பரந்த ஹில்ஸ்பரோ அரங்கு வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு நாளின்பின் கழகம் நிருவாகியின் பொறுப்பிற் சென்றது. விதிப்படி பன்னிரண்டு புள்ளிகள் கழிக்கப்பட்டன; ஆறு புள்ளி வைத்திருந்த அணி சுழியத்துக்குக் கீழே ஆறாயிற்று. எவேட்டனில் பத்துப் புள்ளிக்கு எழுந்தது சினம். இங்கே பன்னிரண்டு புள்ளிக்கு எழுந்தது களிப்பு. உரிமையாளர் அகன்றார் என்ற செய்தியோடு வந்தமையால் அத்தண்டத்தை விடுதலைக்குரிய விலையாகவே அம்மக்கள் கொண்டனர். அதுகாறும் ஒரு பென்சு கொடோம் என்றிருந்தவர்கள் கழகத்தின் கடைவாயிலில் வரிசையில் நின்று பொருள் வாங்கினர். மறுநாள் ஒக்ஸ்போர்ட் அணியுடனான ஆட்டத்துக்கு அரங்கு மீண்டும் நிறையத் தொடங்கியது. ஆட்டத்தில் அவர்கள் அணி ஒன்றுக்கு இரண்டு கோலாற் தோற்றது. திசெம்பரில் மேலும் ஆறு புள்ளிகள் கழிக்கப்பட்டன.