அடம்பங் கொடியும் கடலோர மணலும்

மாமல்லபுரத்திற்கு வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பேரலைக்குப் பின்னர்ப் பாறையொன்றில் கல்வெட்டுக்கள் வெளிப்பட்டன. 2005-இல் தொல்பொருள் இலாகாவினர் அவ்விடத்தை அகழ்ந்தபோது, செங்கல்லாற் கட்டிய பழைய முருகன் கோயிலொன்று மணலுள் புதைந்திருக்கக் கண்டனர். கோயிலையே மூடவல்ல மணலுக்கு ஒரு வேர்க்கடலை வயலை மூடுதல் அரிதன்று.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையில், கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலங்களில் சவுக்கும் தென்னையும் வேர்க்கடலையும் பயிரிடுவோர் இதனை அறிவர். கோடையில் பிற்பகற் கடற்காற்று எழுந்தவுடன், வெறுமையாய்க் கிடக்கும் மேட்டினின்றும் உலர்ந்த மணல் பறந்து வந்து இளங்கன்றுகளை மூடுகின்றது; கிணறுகளும் தூர்ந்துபோகின்றன. இதற்குச் சுவர் எழுப்புவது வீண் செலவு. கரையில் தானே விளையும் அடம்பங் கொடியே தக்க காவலாகும்.

அடம்பு, சர்க்கரைவள்ளியின் இனத்தைச் சேர்ந்தது. இலை நுனியில் பிளவுபட்டு ஆட்டின் குளம்பை ஒத்திருக்கும். ஊதா கலந்த செந்நிறப் பூக்கள் காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். குறுந்தொகை முதலிய சங்கநூல்களில் அடும்பு எனக் கூறப்படுவது இதுவே. தரையிற் படர்ந்து செல்லும் இக்கொடி கணுதோறும் வேர்விடுகின்றது. காற்று மணலைக் கொணர்ந்து மேலே குவித்தாலும் கொடி மடிவதில்லை. புதைந்த கணுக்களினின்றும் புதுவேர் விட்டு மேலெழும்புகின்றது. இங்ஙனம் சிறிது சிறிதாக மேடு உயர்கின்றது. மேட்டு மணலில் இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் தங்கி நிற்பதனாலேயே கடலோரத்து ஆழமில்லாக் கிணறுகளில் நன்னீர் கிடைக்கின்றது. ஆகவே மேட்டை இழப்பவர் நீரையும் இழப்பர்.

இவ்வினத்திலேயே நெய்வேலிக் காட்டாமணக்கு என்னும் செடியும் உண்டு. எளிதில் வளர்கிறதென்று எண்ணி அதனை ஒருபோதும் நடலாகாது. ஏரிகளிலும் கால்வாய்களிலும் அது செய்துவரும் கேட்டை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அடம்பை விதையினாலும் வளர்க்கலாம். கொடித்துண்டுகளால் வளர்ப்பதே எளிது. விதைகளின் தோல் மிகக் கடினமானது. அதன் காரணமாகவே அவை கடல்நீரில் நெடுநாள் மிதந்தும் கெடாமல் தூரக் கரைகளில் முளைக்கின்றன. விதைப்பவனுக்கோ அக்கடினமே இடையூறாகின்றது. அரத்தினாலேனும் கரடான கல்லினாலேனும் முளை இருக்கும் பக்கத்தை விடுத்து மறுபக்கத் தோலைச் சிறிது தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பருத்த விதைகளை மாத்திரம் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும்.

கொடித்துண்டு நடுவதற்கு ஐப்பசி மாதத்தில் மழை நன்கு பிடித்துக்கொண்ட சமயமே ஏற்றது. இளநுனியை நீக்கி, முற்றிய கொடியினின்றும் இரண்டு முழ நீளமுள்ள துண்டுகளை எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் அறுத்து மேட்டை மொட்டையாக்குவது, ஒரு கண்ணைக் குத்தி மறுகண்ணுக்கு மருந்திடுவதை ஒக்கும். ஆங்காங்குச் சிறிது சிறிதாகவே அறுக்க வேண்டும். ஈரமணலில் அரையடி ஆழத்திற்குப் பள்ளம் பறித்து, துண்டின் பெரும்பகுதியும் உள்ளே கிடக்க, சில இலைகள் மாத்திரம் வெளியே தோன்றுமாறு மூடி மிதித்துவிட வேண்டும். துண்டுக்குத் துண்டு மூன்றடி இடைவெளி போதும். வரிசைகள் கடலுக்கு இணையாகச் செல்லவேண்டும். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் துண்டு அமையவேண்டும். அலை வந்து செல்லும் எல்லைக்குள் நடுவது பயனற்றது. காற்று மிகுந்த இடங்களில் பனையோலைத் தட்டிகளைக் கடற்பக்கத்தில் நிறுத்தினால் கொடி வேரூன்றும் வரையில் மணல் அடங்கியிருக்கும். இராவணன் மீசைப் புல் முன்பே இருப்பின் அதனைப் பிடுங்கலாகாது. அதுவும் மணலைப் பிடிப்பதே.

இக்கொடி பாலுடையது, தீவனமாகக் கருதத்தக்கதன்று. ஆயினும் ஆடுமாடுகள் மிதித்து இளங்கொடியை அறுத்துவிடுமாதலால் முதலாண்டில் முள்வேலி அவசியம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளைச் சிறப்பாகக் காக்கப்படவேண்டிய இடங்களுள் சேர்த்திருக்கின்றது. மேட்டை வெட்டிச் சமன்செய்வோர் தம் நிலத்தை மாத்திரமன்றிப் பின்னிருப்பவர் நிலத்தையும் காற்றுக்கு ஒப்படைக்கின்றனர்.

சவுக்குப் போட விரும்புவோர் மேட்டின் முகத்தில் கன்றுகளை வைப்பது பெருந்தவறு. முதலில் அடம்பு படரட்டும். அது ஒரு மழைக்காலத்தைக் கண்டபின், மேட்டிற்குப் பின்புறத்தில் அடுத்த ஐப்பசியிலே சவுக்குக் கன்றுகளை நடலாம்.